ஆயில் நினைவூட்டல் விளக்கை வீட்டிலேயே அணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் ஒருவர் போனில் கூப்பிட்டார். தன்னுடைய பழைய டொயோட்டா கேம்ரிக்கு அன்றுதான் முதல்முறையாகத் தானே ஆயில் மாற்றியிருந்தார்.

"தம்பி, எல்லாம் முடிச்சுட்டேன். அந்த ஆயில் லைட் மட்டும் போகவே மாட்டேங்குது. பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னியே, நாலு தடவை பண்ணிட்டேன்."

"என்ன கலர்ல எரியுது அண்ணா?"

"சிவப்பு."

"முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. நான் வர்றேன்."

போய்ப் பார்த்தால் காருக்கு அடியில் சிமென்ட் தரை முழுக்கப் புது ஆயில். பழைய ஆயில் பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது பில்டரை முடுக்கியிருக்கிறார். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் சரியாக உட்காராது; இன்ஜின் ஓட ஆரம்பித்து அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சியடிக்கும். நல்ல வேளையாக ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார். பழைய வளையத்தை நகத்தால் சுரண்டி எடுத்தோம், பில்டரை மாட்டினோம், மறுபடி ஆயில் ஊற்றினோம், சிவப்பு விளக்கு தானாகவே போய்விட்டது.

முதல் தவறும் மிகப் பெரிய தவறும் இதுதான், இரண்டு விளக்குகளைக் குழப்பிக்கொள்வது. எண்ணெய்க் குடம் ஒன்றின் மூக்கிலிருந்து சொட்டு விழுவது போன்ற சிவப்புப் படம் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. அதற்கு ரீசெட் எதுவும் கிடையாது. இன்ஜின் ஓடும்போது அது எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிக்கொண்டு போனால் இன்ஜினையே இழக்க நேரிடும். நாம் வீட்டில் அணைக்கக்கூடியது ஆயில் மாற்றும் கெடுவை நினைவூட்டும் மஞ்சள் விளக்கு மட்டும். அமெரிக்காவில் விற்கும் பல டொயோட்டாக்களில் ‘மெயின்டனன்ஸ் ரெக்வயர்டு’ என்பதைச் சுருக்கி எழுத்தாகவே போட்டிருப்பார்கள். வேறு கார்களில் ஸ்பேனர் படம் வரும்.

அந்த மஞ்சள் விளக்குக்கு ஆயிலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆயில் கறுத்துவிட்டதா, குறைந்துவிட்டதா, நேற்றுத்தான் மாற்றினோமா என்று அது பார்ப்பதில்லை. டொயோட்டாவில் அது வெறும் மைல் கணக்கு. கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து ஏறக்குறைய 4,500 மைல் ஆனதும், சாவியைத் திருப்பும்போது சில நொடிகள் மின்னும். 5,000 மைல் தாண்டினால், அதாவது சுமார் 8,000 கிலோமீட்டர், அணையாமல் நின்றுவிடும். ஆயிலை மாற்றினாலும் அது தானாக அணையாது. மாற்றாமலே பட்டனை அழுத்தினாலும் சமர்த்தாக அணைந்துவிடும். நாம் சொல்வதை அப்படியே நம்புகிற விளக்கு அது. அதனால்தான் அதனிடம் பொய் சொல்லக் கூடாது என்கிறேன்.

சரி, அணைக்கும் முறையிலேயே நடக்கும் தவறுகளுக்கு வருவோம். பழைய கொரோலா, கேம்ரி மாதிரி ஓடோமீட்டர் பக்கத்தில் சிறு குமிழ் உள்ள வண்டிகள் பலவற்றில் வரிசை இப்படி: சாவியை ‘ஆன்’ வரை திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். குமிழை அழுத்தித் திரையில் ‘ட்ரிப் ஏ’ என்ற பயண தூரக் கணக்கு வரச் செய்யுங்கள். சாவியை அணையுங்கள். குமிழை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி ‘ஆன்’ செய்யுங்கள். திரையில் கோடுகள் தோன்றி ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் சுழியங்கள் வரும், விளக்கு அணையும். அதுவரை விரலை எடுக்கக் கூடாது.

பலருக்கும் இது முதல் தடவையில் நடப்பதில்லை, காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. திரையில் மொத்த மைல் நிற்கும், அல்லது ‘ட்ரிப் பி’ நிற்கும். கோடுகள் மறைய ஆரம்பித்ததுமே முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பழக்க தோஷத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். பொத்தானால் கிளப்பும் வண்டியில் இது இன்னும் அதிகம், கால் தானாகவே பிரேக்கில் போய் உட்காரும். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் ‘ஆன்’ நிலை வரும். பெரிய திரை உள்ள புது டொயோட்டாக்கள் பலவற்றில் இந்தக் குமிழ் வேலையே இல்லை; ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்களால் செட்டிங்ஸுக்குள் போய் ‘ஷெட்யூல்டு மெயின்டனன்ஸ்’ என்பதைத் தேடி ‘யெஸ்’ கொடுத்தால் போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேறு வருட மாடலின் வீடியோவைப் பார்த்து அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதை விட அது சுலபம்.

எப்போது அணைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. ஆயிலை வடிக்கும் முன்பே ரீசெட் செய்துவிட்டு, பிறகு மழை வந்து வேலையைத் தள்ளிப்போட்டு, அப்புறம் மறந்தே போனவரை எனக்குத் தெரியும். புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு இல்லை என்று குனிந்து பார்த்து, அணைத்துச் சில நிமிடம் கழித்து, சமதளத்தில் நிற்கும்போதே டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், அளவு சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் குமிழைத் தொட வேண்டும்.

ஆயில் மாற்றாமல் விளக்கை அணைப்பது எப்போதுமே தவறா என்று கேட்டால், டொயோட்டாவில் ஒரு நியாயமான விதிவிலக்கு உண்டு. 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயில் போடும் பல மாடல்களுக்கு ஆயில் மாற்றும் கெடு 10,000 மைல் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. ஆனால் விளக்கு 5,000 மைலிலேயே வந்துவிடும். அந்த முறை அது கேட்பது டயர்களை இடம் மாற்றுவது, பிரேக்கைப் பார்ப்பது, திரவ அளவுகளைச் சரிபார்ப்பது. அதைச் செய்துவிட்டு அணைக்கலாம். இதில் சிக்கல் என்னவென்றால், அணைத்தது முதல் 5,000-க்கா இரண்டாவதற்கா என்று விளக்குக்கு நினைவிருக்காது, உங்களுக்குத்தான் இருக்க வேண்டும். குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொறி: வருடத்துக்கு 3,000 மைல்தான் ஓட்டினால் அந்த வருடத்துக்குள் விளக்கு வராது, ஆனால் 12 மாதக் கெடு வந்துவிடும். பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். அந்த ஆயில் சீக்கிரமே கெடும்.

ஹோண்டாவின் கணக்கு வேறு. அது இன்ஜின் எப்படி ஓடியது என்பதை வைத்து ஆயிலின் ஆயுளைச் சதவீதமாகக் கணக்கிட்டு, அது 15 சதவீதமாகக் குறைந்ததும் ஸ்பேனர் படத்தோடு ஒரு குறியீட்டையும் காட்டும். ஏ என்றால் ஆயில், பி என்றால் ஆயிலும் பில்டரும் சில பரிசோதனைகளும். கூடவே 1 வந்தால் டயர் இடமாற்றம், 2 காற்று பில்டர்கள், 3 கியர் பெட்டி ஆயில். பல மாடல்களில் ரீசெட் செய்தால் எல்லாக் குறியீடுகளும் சேர்ந்தே போய்விடும். ஏ-யுடன் 3 வந்திருக்க, ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அணைத்தால் கியர் பெட்டி அப்படியே மறந்துபோகும். அணைக்கும் முன் திரையை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றினால் விளக்கு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் போகாது, கடிகாரமும் ரேடியோ நிலையங்களும்தான் போகும். காரில் செருகிப் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கி ‘கிளியர்’ அழுத்துவதும் வேண்டாத வேலை. சாதாரண ஸ்கேனர் அழிப்பது ‘செக் இன்ஜின்’ விளக்கின் பிழைக் குறிகளை, இந்த நினைவூட்டலை அழிக்காது. அழித்தால் புகை சார்ந்த சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். அவை முடியும் முன் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாரண்டி உள்ள வண்டிக்கு நாமே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி, நீங்களே மாற்றினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் மாற்றியதற்கு ஆதாரம் வேண்டும், அணைந்த விளக்கு ஆதாரம் ஆகாது. ஆயில், பில்டர் வாங்கிய ரசீதுகளை வைத்திருங்கள். தேதியையும் மைலையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி காரிலேயே போட்டுவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்த நோட்டைத்தான் கேளுங்கள். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்று விற்பவர் காட்டுவார்; அதற்கு அரை நிமிடம் குமிழைப் பிடித்தால் போதும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பாருங்கள், ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். கறுத்த பசை மாதிரி அப்பியிருந்தால், அந்த விளக்கை யாரோ பல தடவை சும்மாவே அணைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.