ஆர்எம்ஐ சர்வரில் கிளையண்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கணினியில் ஓடும் ஜாவா நிரல் இன்னொரு கணினியிலுள்ள ஆப்ஜெக்டின் மெத்தட்களை அழைக்க உதவும் ஜாவா ஆர்எம்ஐ (ரிமோட் மெத்தட் இன்வொகேஷன்), 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது. அதில் எழுதிய சர்வர்களைப் பராமரிக்க வரும் புதியவர்கள், நாங்கள் அன்று இடறிய இடங்களிலேயே இன்றும் இடறுகிறார்கள். ரிமோட் எக்ஸெப்ஷனைக் குறிப்பிடாமல் விடுவது போன்ற பிழைகள் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொது ஆப்ஜெக்டின் ஃபீல்டில் ஒருவரின் தகவலை வைப்பது

ஆப்ஜெக்டுகளைப் பெயரோடு பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லுக்கப் செய்யும் ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு ஸ்டப், அதாவது சர்வர் ஆப்ஜெக்டை அழைக்க உதவும் பிரதிநிதி, கிடைப்பதால், சர்வரிலும் தனித்தனி ஆப்ஜெக்ட் இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஸ்டப்கள் அனைத்தும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்த ஒரே ஆப்ஜெக்டையே அழைக்கின்றன.

ஒரு கடையின் பில்லிங் சர்வரைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். பில்லைத் தொடங்கும் மெத்தட் வாடிக்கையாளர் எண்ணை ஒரு ஃபீல்டில் வைத்தது; பொருளைச் சேர்க்கும் மெத்தட் அந்த ஃபீல்டைப் பார்த்து எழுதியது. ஒரே கிளையண்டை வைத்துச் சோதித்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டாவது கவுண்டர் திறந்ததும், முதல் கவுண்டரில் ஸ்கேன் செய்த சோப்பு அடுத்த கவுண்டரில் நின்றவரின் பில்லில் ஏறியது. எக்ஸெப்ஷன் எதுவும் வரவில்லை. லாகிலும் ஒரு வரி இல்லை.

இதற்கு மருந்தாக மெத்தட்களுக்கு சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் சொல்) போடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அது ஓர் அழைப்பு முடியும்வரை மட்டுமே காக்கும்; பில்லைத் தொடங்கும் அழைப்புக்கும் பொருளைச் சேர்க்கும் அழைப்புக்கும் நடுவே இன்னொரு கிளையண்ட் நுழைந்து ஃபீல்டை மாற்றுவதை அதனால் தடுக்க முடியாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் த்ரெட்லோக்கலும் உதவாது, ஒரு கிளையண்டின் அடுத்தடுத்த அழைப்புகள் ஒரே த்ரெட்டில் ஓடும் என்று ஆர்எம்ஐ எந்த உறுதியும் தருவதில்லை. ஐபி முகவரியை அடையாளமாகக் கொண்டால், ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கவுண்டர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும்.

சரியான வழி இது: ரெஜிஸ்ட்ரியில் லாகின் மெத்தட் மட்டும் கொண்ட ஒரு ஃபேக்டரியைப் பதியுங்கள். ஒவ்வொரு லாகினுக்கும் அது புதிய செஷன் ஆப்ஜெக்டை உருவாக்கி, எக்ஸ்போர்ட் செய்து (வெளியிலிருந்து அழைக்கத்தக்கதாக்கி) திருப்பித் தரட்டும். கிளையண்டுக்கு அந்தச் செஷனின் ஸ்டப் போய்ச்சேரும். ஒரே கிளையண்டின் பல த்ரெட்கள் அந்தச் செஷனை ஒரே சமயத்தில் அழைக்கக்கூடுமானால், சிங்க்ரனைஸ்டுக்கு உரிய இடம் அதுதான்.

செஷனை எக்ஸ்போர்ட் செய்ய மறப்பது

எக்ஸ்போர்ட் செய்யாத செஷன் சீரியலைசபிளாகவும் (பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியதாகவும்) இருந்துவிட்டால் கிளையண்டுக்கு ஸ்டப்புக்குப் பதில் நகல்தான் போகும். அங்கு செய்யும் மாற்றம் எதுவும் சர்வரை எட்டாது.

செஷன்களையும் ரெஜிஸ்ட்ரியில் பதிவது

வேண்டாம். பெயரை நீக்கும்வரை ரெஜிஸ்ட்ரியே செஷனைப் பிடித்து வைத்திருக்கும்.

லாக்அவுட்டை மட்டும் நம்புவது

கிளையண்ட் கணினி அணைந்துபோனால் லாக்அவுட் வராது. கிளையண்ட் ஓர் ஆப்ஜெக்டை வைத்திருப்பதாக சர்வர் கருதும் காலமான ஆர்எம்ஐயின் லீஸ், இயல்பாக 10 நிமிடம். அது புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, வேறு எந்தக் கிளையண்டும் அந்த ஆப்ஜெக்டை வைத்திருக்கவில்லை என்றால், அன்ரெஃபரன்ஸ்ட் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்திய செஷனுக்கு ஆர்எம்ஐயிடமிருந்து அழைப்பு வரும். செஷன்களை ஹாஷ்மேப்பில் வைத்திருந்தால் அந்த அழைப்பிலேயே அதிலிருந்து நீக்கி, அன்எக்ஸ்போர்ட்டும் செய்துவிடுங்கள். இல்லையெனில் அவை சர்வர் நிற்கும்வரை நினைவகத்தை விட்டு வெளியேறாது. நெட்வொர்க் நெடுநேரம் துண்டித்தாலும் லீஸ் காலாவதியாகும் என்பதால், திரும்பி வரும் கிளையண்டுக்கு நோசச்ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன் (அந்த ஆப்ஜெக்ட் இல்லை என்ற பிழை) கிடைக்கலாம். அப்போது அது மீண்டும் லாகின் செய்யும்படி கிளையண்ட் பக்கமும் எழுதியிருக்க வேண்டும்.