ஊர் மண்ணைச் சுட்டு எடுத்துப் போங்கள்

காருகுறிச்சிப் பக்கம் மண் பிசைந்து பழகி, வெளிநாட்டில் தங்கி மண்பாண்டம் செய்யும் செராமிக் ரெசிடென்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். குளத்து மண்ணைப் பச்சையாகப் பெட்டியில் வைக்காதீர்கள். ஜப்பான் போன்ற நாடுகள் மண்ணை உள்ளே விடுவதில்லை. அதற்குப் பதில், சுட்ட பானை ஓடுகளை உரலில் இடித்து, ரவைப் பதத்துக்குச் சலித்துக்கொள்ளுங்கள். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. பொட்டலத்தின் மேல் 'சுட்ட ஓட்டுப் பொடி' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, சுங்கத்தில் நீங்களாகவே காட்டிவிடுங்கள்.

அங்கே தரும், அதிகச் சூட்டில் கல்லாய் இறுகும் ஸ்டோன்வேர் களிமண்ணில் பத்தில் ஒரு பங்கு இதைச் சேர்த்துப் பிசைந்தால், 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது நம் மண்ணின் இரும்புச்சத்து கரும்பழுப்புப் புள்ளிகளாகப் பூக்கும். அவ்வளவு அழகு! ஆனால் நம் செம்மண் தனியாக அந்தச் சூட்டைத் தாங்காது, உப்பி உருகிவிடும். முதலில் கலந்த மண்ணில் சின்ன வில்லை ஒன்றைச் செய்து, வேண்டாத ஓட்டின் மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். சூளைத் தட்டு வீணாகாது.

ஜப்பானின் ஷிகாராகி மாதிரி மலையூர்களில் குளிர்காலத்தில் பச்சைப் பாத்திரம் காய நாளாகும். நம்மூர் ஆடிக்காற்றின் வேகத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. கடைசிச் சூளை எந்தத் தேதியில் என்று, போய்ச் சேர்ந்த அன்றே கேட்டுவிடுங்கள்.