அக்குள் முடி: ஒட்ட வழிக்காமல் குறைத்து விடுங்கள்

வியர்வைக்கென்று தனி நாற்றம் அவ்வளவாகக் கிடையாது. அக்குள் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. முடி அடர்ந்திருந்தால் வியர்வை அதில் தங்கி, வாடையும் தங்கிவிடும். முடியைக் குறைத்தால் வியர்ப்பது குறையாது. ஆனால் சோப்பும் டியோடரன்டும் தோல் வரை போய்ச் சேரும். அதற்கு அரை சென்டிமீட்டருக்கு வெட்டினாலே போதும்.

ட்ரிம்மரில் 6 மி.மீ. சீப்பை மாட்டுங்கள். கை பழகியபின் 3 மி.மீ. வரை இறங்கலாம். குளிப்பதற்கு முன், முடி காய்ந்திருக்கும்போது வெட்டுங்கள்; ஈர முடி தோலோடு ஒட்டிக் கிடக்கும், சீப்பில் ஏறாது. கையைத் தூக்கி உள்ளங்கையைப் பிடரியில் வைத்தால் குழி விரிந்து தோல் விறைப்பாக நிற்கும். அக்குள் முடி ஒரே பக்கமாக வளராது. பெரும்பாலும் மேல்பாதி மேல்நோக்கியும் கீழ்பாதி கீழ்நோக்கியும் படிந்திருக்கும். அதனால் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கடைசியில் குறுக்கே என்று அழுத்தாமல் ஓட்டுங்கள். சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் பிளேடை வைத்தால் குழியின் மெல்லிய மடிப்பு பற்களுக்கு நடுவே சிக்கிக் கிழியும். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

முழுதாக எடுத்தே ஆகவேண்டும் என்பவர்கள் முதலில் ட்ரிம்மரால் குறைத்துக்கொள்ளுங்கள். நீள முடியில் ரேசரை இழுத்தால் பிளேடு அடைத்துக்கொண்டு தோலைப் பிறாண்டும். வெந்நீரில் குளித்து, ஷேவிங் ஜெல் தடவி இரண்டு நிமிடம் விட்டு, புதுப் பிளேடால் முடி வளரும் திசையிலேயே வழியுங்கள். எதிர்த்திசையில் ஒட்ட வழித்தால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சிவந்த பருக்களாகும். இரவில் வழிப்பது நல்லது; மறுநாள் காலை வரை டியோடரன்ட் வேண்டாம். வழித்த தோலில் அதன் ஆல்கஹால் பட்டால் தீயாய் எரியும். இரண்டு மூன்று நாளில் முளைக்கும் கட்டை முடி குத்தும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சலூனில் எடுப்பவர்கள் உங்கள் கண்ணெதிரே புதுப் பிளேடு மாற்றச் சொல்லுங்கள், இதில் கூச்சமே கூடாது.

முடி நீக்கும் கிரீம் என்றால் முந்தின நாளே முன்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். முடியைக் கரைக்கும் அதே மருந்து தோலையும் புண்ணாக்கும்.

தாடிக்கும் அக்குளுக்கும் ஒரே ட்ரிம்மர் என்றால் தலைப்பகுதியாவது தனியாக இருக்கட்டும்.

முடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது அழுக்கல்ல, பாக்டீரியா படலம். இதற்கு மட்டும் முழுதாக வழித்துவிடுவதுதான் நல்ல வழி. அந்த பிளேடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் முடியில் இல்லாமல் தோலிலேயே வீங்கிக் கட்டி வந்திருந்தால் அதன்மேல் ரேசரை ஓட்டாதீர்கள். அந்தத் தோல் கட்டி திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து, வலித்து, சீழ் வடிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.