பசிஃபிகோ மாதிரி பிரஷ் ஃபான்ட்ட டிசைன்ல எப்படி யூஸ் பண்றது

பிரஷ்ஷால சும்மா இழுத்து எழுதின மாதிரி ஃபான்ட் வேணும்னா நான் முதல்ல சொல்றது பசிஃபிகோ தான், வெர்னன் ஆடம்ஸ் பண்ணது, 1950கள்ல அமெரிக்காவுல இருந்த சர்ஃபிங் கல்ச்சர மனசுல வச்சு வரைஞ்சது, கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீயாவே கிடைக்குது. ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்ங்கறதால கடை லோகோ, விக்கற பொருளோட லேபிள்னு எதுக்கும் தாராளமா போடலாம், ஃபான்ட் ஃபைல மட்டும் தனியா விக்கக் கூடாது.

ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல இத போடாதீங்க. வீட்ல பிரவுனி பண்ணி விக்கறீங்கன்னு வைங்க, பாக்ஸ் மேல கடை பேர் மட்டும் பெருசா பசிஃபிகோல இருக்கட்டும், எடை 250 கிராம், என்னென்ன போட்டிருக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர், ஃபோன் நம்பர் எல்லாம் ஓபன் சான்ஸ் மாதிரி சாதா ஃபான்ட்ல வரணும். எல்லாமே பிரஷ்ல இருந்தா கண்ணு எங்க நிக்கறதுன்னே தெரியாது, பேரும் எடுபடாது.

ஃபுல் கேப்பிட்டல்ல அடிக்கவே அடிக்காதீங்க, சின்ன எழுத்துங்க தான் ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி வரைஞ்சிருக்காங்க. லெட்டர் ஸ்பேசிங், அதாவது எழுத்துக்கு நடுவுல விடற இடைவெளிய, ஜீரோல விடுங்க, கொஞ்சம் கூட்டினாலும் அந்த இணைப்பு பிஞ்சிடும். ஏற்கனவே நல்ல தடிமன் இருக்கு, அதனால போல்ட் பட்டனையும் தொட வேணாம்.

ஸ்டிக்கர் கட்டிங் குடுக்கறவங்க இத கண்டிப்பா கவனிங்க. எழுத்துங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கறதால அப்படியே குடுத்தா மெஷின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா வெட்டி, சேர்ற இடத்துல நடுவுல கோடு விழும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல கிரியேட் அவுட்லைன்ஸ் (எழுத்த வெறும் வடிவமா மாத்தறது) பண்ணிட்டு, எல்லாம் ஒண்ணா சேர பாத்ஃபைண்டர்ல யுனைட் குடுங்க, இங்க்ஸ்கேப்ங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்னா யூனியன்.

தமிழுக்கு பசிஃபிகோ ஆகாது, அதுல தமிழ் எழுத்தே கிடையாது, டைப் பண்ணா வேற ஃபான்ட் வரும் இல்ல கட்டம் கட்டமா வரும். தாரிக் அஸீஸ் பண்ண கவிவனார் இருக்கு, அது பிரஷ் கிடையாது, சாஞ்ச கையெழுத்து, ஆனா அழைப்பிதழுக்கெல்லாம் ரொம்ப அழகா உக்காரும். பழைய போட்டோஷாப் வெர்ஷன்ல கொம்பு இடம் மாறி வந்தா ப்ரிஃபரன்சஸ்ல டைப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்ட ஆன் பண்ணுங்க.

நிஜ பிரஷ் லுக்கே வேணும்னா கையால எழுதிடுங்க, எனக்கு அது தான் ரொம்ப பிடிக்கும். பிரஷ் பேனால வெள்ளை பேப்பர்ல பெருசா எழுதி, ஸ்கேன் பண்ணி, இங்க்ஸ்கேப்ல ட்ரேஸ் பிட்மேப் (படத்த அவுட்லைன் வடிவமா மாத்தறது) குடுத்தா போதும். சுழில மட்டும் கவனமா இருங்க, தடிமனான பிரஷ்ல ‘ண’வோட சுழி ஒண்ணு அடைஞ்சு போனா படிக்கறவங்க ‘ன’ன்னு படிச்சிடுவாங்க, அதனால சுழிக்குள்ள வெள்ளை நல்லா தெரியற மாதிரி விரிச்சு எழுதுங்க.

பிரிண்டுக்கு அனுப்பும்போது அவுட்லைன் ஃபைல் குடுங்க, டெக்ஸ்ட்டா இருக்கற ஃபைல தனியா சேவ் பண்ணி வச்சுக்கோங்க, அவுட்லைன் ஆனப்புறம் ஸ்பெல்லிங்க டைப் பண்ணி மாத்த முடியாது.