‘பிலங்கோ’வில் நம் விலங்கு: வேர் தேடும்போது வழுக்கும் இடங்கள்

பிலிப்பைன்ஸில் பேசப்படும் தகலாக் மொழியில் ‘பிலங்கோ’ என்றால் கைதி. முதல் எழுத்தை ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ போலச் சொல்ல வேண்டும். இது தமிழ் ‘விலங்கு’தான். முடிவு சரி, அதற்கு வந்து சேரும் வழியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

கூண்டில் கிடக்கும் மிருகம் மாதிரி இருப்பதால் கைதிக்கு அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். தவறு. இங்கே வந்திருப்பது கைவிலங்கு, கால்விலங்கில் உள்ள விலங்கு. மலாயில் ‘பெலெங்கு’ என்றால் இன்றும் அந்த இரும்புத் தளைதான். பூட்டும் பொருளின் பெயர் தகலாகில் பூட்டப்பட்ட ஆளுக்கு ஆகிவிட்டது.

இந்த மலாய்ப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் பெரிய தவறு என்பேன். தமிழிலிருந்து நேரே மணிலாவுக்குக் கோடு போட்டால், பொருள் எங்கே திரும்பியது என்பதே தெரியாமல் போய்விடும். மலாயின் வீச்சு அங்கே சின்னதல்ல. பிலிப்பைன்ஸில் 1989இல் வெளிப்பட்ட லகூனா செப்பேடு சக ஆண்டு 822, அதாவது பொ.ஆ. 900ஐச் சேர்ந்தது, அதன் மொழி பெரும்பாலும் பழைய மலாய்.

ஒரே ஒரு சொல்லின் ஒலி ஒத்துப்போனால் போதாது, அதே மாற்றம் வேறு சொல்லிலும் நடந்திருக்க வேண்டும். ‘வகை’ மலாயில் ‘பகாய்’ ஆகி, தகலாகிலும் ‘பகாய்’ என்றே பொருள், விஷயம் என்ற அர்த்தத்தில் வழங்குகிறது. இங்கேயும் வகரம்தான் மாறியிருக்கிறது. கடைசி உகரம் ஓகாரமானதற்கு ‘குரு’ சாட்சி. தகலாகில் ஆசிரியர் ‘குரோ’. ஆனால் குரு சமஸ்கிருதச் சொல். நம் பேச்சில் புழங்குகிறது என்பதற்காக அதையும் தமிழ்க் கணக்கில் எழுதக் கூடாது.

சொல்லைப் பிரிப்பதிலும் நிதானம் வேண்டும். ‘பிலங்’ என்றால் தகலாகில் எண். கைதிக்கு எண் கொடுப்பார்களே, பொருந்துகிறதே என்று தோன்றும். மிச்சமிருக்கும் ‘கோ’வுக்கு என்ன பொருள்? அப்படி ஒரு விகுதியே அங்கே கிடையாது. உண்மையான விகுதி ‘பிலங்குவான்’ என்பதில் இருக்கிறது: இடத்தைக் குறிக்கும் ‘ஆன்’ சேர்ந்து சிறைச்சாலை.

கடைசியாக ‘அமா’. கேட்டதும் அம்மா என்று மனம் தாவும். தகலாகில் அது அப்பா, அம்மா ‘இனா’. இரண்டுமே, தகலாகும் மலாயும் சேர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொற்கள். பக்கத்து இலோகானோ மொழியிலும் ‘அமா’ அப்பாதான்.