பீடி இருமலும் இன்ஹேலரும்: மருந்தைச் சரியாக இழுக்கும் முறை

பல ஆண்டுகளாகப் பீடியோ சிகரெட்டோ புகைத்தவர் காலையில் சளியோடு இருமுவதையும், மாடிப்படியில் பாதியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதையும், வயதாகிவிட்டது என்று சொல்லி வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகக்கூடும் என்பதால், குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும், ஊதித் தள்ளும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்நோய்க்கு மருத்துவர் தரும் இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அது மருந்தை மிகச் சிறிய அளவில் நேராக நுரையீரலுக்கே கொண்டு சேர்க்கிறது. ஆனால் பீடி இழுத்துப் பழகியவர்கள் இதையும் வெடுக்கென்று இழுப்பதால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. அழுத்தும் வகை இன்ஹேலராக இருந்தால், நன்றாகக் குலுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் இன்ஹேலரின் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து நிதானமாக இழுத்து, 10 நொடி மூச்சை அடக்குங்கள். வாயோரத்தில் வெண்புகைபோலக் கசிந்தால் அந்த மருந்து வீண். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக அமையாத முதியவர்களுக்கு, இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் மருந்தைத் தேக்கி வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திக் கொடுப்பதே நல்லது. அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி மருந்துக்கு முறையே வேறு: அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால், முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரக்கூடும்.

மூச்சிரைக்கும்போது மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணைக்க ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுவது பதற்றத்தையும் தணிக்கும்.

இவ்வளவு செய்தும் புகைப்பது தொடர்ந்தால் நுரையீரலின் தேய்மானம் நிற்காது. இழந்தது திரும்பாதென்றாலும், எந்த வயதில் நிறுத்தினாலும் தேயும் வேகம் குறைகிறது. தனியே முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இந்திய அரசின் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி, ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், அவர் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.