கம்போடியா படுகொலை வரலாறை எங்க ஆரம்பிச்சு எப்படி படிக்கிறது

போல் பாட் பேரையும், மண்டையோடு அடுக்கி வச்ச போட்டோவையும் பாத்துட்டு கெமர் ரூஜ் (அவன் தலைமையில 1975ல இருந்து 1979 வரைக்கும் கம்போடியாவ ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கம்) பத்தி படிக்க உக்கார்றவங்க நெறைய பேர் ரெண்டாவது நாளே மூடி வச்சுடுவாங்க, நானும் மொதல் தடவ அப்படித்தான் விட்டேன். கொடுமை மேல கொடுமையா வந்துட்டே இருக்கும், ஏன் நடந்துச்சுன்னு மட்டும் பிடிபடாது. கடைசில "ஒரு பைத்தியக்காரன் வந்தான், எல்லாரையும் கொன்னான்"னு முடிச்சுக்கத் தோணும். அங்கதான் கோட்டை விடுறோம். நெல்லு கணக்குல இருந்து புடிச்சீங்கன்னா மீதி எல்லாம் ஒன்னு பின்னாடி ஒன்னா வரும்.

அதுக்கு முன்னாடி நாலு தேதிய ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வச்சுக்கங்க. 1970 மார்ச் 18, நாட்டுத் தலைவரா இருந்த முன்னாள் ராஜா சிஹானூக் வெளிநாட்டுல இருந்தப்ப பிரதமர் லோன் நோலோட ஆளுங்க அவர பதவியில இருந்து தூக்குனது. 1975 ஏப்ரல் 17, தலைநகர் நோம்பென் கெமர் ரூஜ் கையில விழுந்தது. 1978 டிசம்பர் 25, வியட்நாம் படை பெரிய அளவுல உள்ள நுழைஞ்சது. 1979 ஜனவரி 7, கெமர் ரூஜ் ஆட்சி காலி. நோம்பென் விழுந்ததுல இருந்து ஆட்சி போனது வரைக்கும் இருக்குறத கம்போடியாக்காரங்க "மூணு வருஷம் எட்டு மாசம் இருபது நாள்"னு நாள் கணக்கோட சொல்லுவாங்க.

1975க்கு முந்தின கதைய தாண்டிப் போயிடாதீங்க. 1969 மார்ச்ல இருந்து அமெரிக்கா ரகசியமா குண்டு போட ஆரம்பிச்சு 1973 ஆகஸ்ட் 15 வரைக்கும் போட்டுச்சு, கிராமம் கிராமமா அழிஞ்சுது, இன்னொரு பக்கம் சிஹானூக் பீஜிங்ல உக்காந்துக்கிட்டு கெமர் ரூஜும் இருந்த எதிர்ப்புப் படையில சேருங்கன்னு ரேடியோவுல கூப்பிட்டாரு, அதனால காட்டுக்குப் போன விவசாயிங்கள்ல நெறைய பேருக்கு மார்க்ஸ் யாருன்னே தெரியாது, ராஜாவுக்காகப் போனவங்கதான். ஆனா ஒன்னு, குண்டு போட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு எழுதுறவங்கள கொஞ்சம் தள்ளி வச்சே படிங்க. கெமர் ரூஜ் எப்படி வளந்துச்சுங்குறதுக்கு அது பதில், ஜெயிச்சப்புறம் ஏன் இப்படி பண்ணாங்கங்குறதுக்கு இல்ல.

இப்ப நெல்லு. ஏப்ரல் 17 அன்னைக்கே நோம்பென்ன காலி பண்ண ஆரம்பிச்சாங்க, அமெரிக்காக்காரன் குண்டு போடப்போறான், மூணு நாள்ல திரும்பிடலாம்னு பொய் சொல்லி கிட்டத்தட்ட 20 லட்சம் பேர நடத்தியே வெளிய அனுப்புனாங்க, ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்களையும் விடல. காசு செல்லாதுன்னாங்க, சந்தை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாத்தையும் மூடுனாங்க. 1976ல நாலு வருஷத் திட்டம் ஒன்னு போட்டாங்க, நாடு முழுக்க ஹெக்டேருக்கு 3 டன் நெல். போருக்கு முன்னாடி சாதாரணமா வந்ததே ஒரு டன் சுமாருக்குத்தான்.

இந்த 3 டன்ன அப்படியே விரலால புடிச்சுட்டு கீழ வாங்க. மேலிடம் கேட்ட அளவு விளையல, விளையலன்னு சொன்னா தலை போயிடும், அதனால லோக்கல் தலைவருங்க விளைஞ்சதா கணக்கு எழுதுனாங்க, எழுதுன கணக்குக்கு ஏத்த நெல்ல மேல அனுப்பியும் ஆகணும், அப்போ வயல்ல வேலை செஞ்சவங்களுக்கு மிஞ்சுனது தண்ணிக் கஞ்சி. ஜனங்க பட்டினில செத்தாங்க. திட்டம் தப்புன்னு கட்சி ஒத்துக்குமா, உள்ள துரோகி இருக்கான் அவன்தான் கெடுக்குறான்னு தேட ஆரம்பிச்சாங்க. புடிச்ச ஆள அடிச்சா அவன் பத்து பேர் பேரச் சொல்லுவான், அந்தப் பத்து பேரப் புடிச்சா நூறு பேர். பட்டினியும் சிறையும் ரெண்டு தனித்தனி அத்தியாயம் மாதிரி புத்தகத்துல இருக்கும், ஒன்னா சேத்துப் படிங்க.

அடுத்தது எஸ்-21, நோம்பென்ல டுவோல் ஸ்லெங்ங்குற இடத்துல இருந்த சித்திரவதைச் சிறை. பள்ளிக்கூடமா இருந்த கட்டடம், நடத்துன டுய்ச் முன்னாடி கணக்கு வாத்தியார். உள்ள போனவங்க 12,000க்கு மேல, உயிரோட வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அங்க எழுதி வாங்குன வாக்குமூலங்கள படிக்கும்போது ரொம்ப உஷாரா இருங்க. சிஐஏ ஏஜென்ட், கேஜிபி ஏஜென்ட், வியட்நாம் உளவாளின்னு ஒரே ஆளே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டிருப்பான், தகவல் மந்திரியா இருந்த ஹூ நிம்மே அப்படி எழுதிக் குடுத்துட்டு 1977ல கொல்லப்பட்டாரு. அதுல இருக்குறது நடந்த விஷயம் இல்ல, கேட்டவனுக்கு என்ன பதில் வேணும்ங்குறதுதான். ஓரத்துல விசாரிச்சவன் கிறுக்குன குறிப்பு இருந்தா அத மொதல்ல படிங்க.

எண்ணிக்கை விஷயத்துல சண்டை நடந்துட்டே இருக்கும். சுமார் 80 லட்சம் மக்கள்ல 17 லட்சத்துல இருந்து 22 லட்சம் வரைக்கும் செத்தாங்கங்குறது கெமர் ரூஜ் தலைவருங்கள விசாரிக்க ஐநா உதவியோட பின்னாடி அமைச்ச நீதிமன்றத்துக்கு நிபுணர்கள் குடுத்த கணக்கு, அதுல 8 லட்சம் போல நேரடியா கொல்லப்பட்டவங்க, மீதி பசி, நோய், வேலை. வேற நம்பர் எங்கயாவது பாத்தா, கொல்லப்பட்டவங்க மட்டுமா மொத்தச் சாவான்னு பாருங்க, பாதி சண்டை அதுலயே தீந்துடும்.

இனப்படுகொலைங்குற வார்த்தையும் ஒரு பொறி. 1948 ஐநா ஒப்பந்தத்துல தேசிய, இன, மத அடிப்படையிலான குழுக்கள் வரும், அரசியல் குழு வராது. அதனால நாட்டோட பெரும்பான்மை இனமான கெமர் மக்களே கெமர் மக்களக் கொன்னது சட்டப்படி மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்ங்குற தலைப்புல போகுது. அந்த நீதிமன்றத்தோட 2018 நவம்பர் 16 தீர்ப்புல இனப்படுகொலைன்னு சொன்னது வியட்நாமியர் விஷயத்துலயும் சாம்ங்குற சிறுபான்மை முஸ்லிம்கள் விஷயத்துலயும்தான், சாம் மக்களுக்கான பொறுப்பு கட்சியில போல் பாட்டுக்கு அடுத்த இடத்துல இருந்த நுவான் சியா மேல மட்டும் விழுந்துச்சு, அரசுத் தலைவரா இருந்த கியூ சம்பான் மேல விழல. அந்த ரெண்டாவது ஆளு நுவான் சியாவுக்கு தண்டனை கிடைக்கவே 2014 வரைக்கும் ஆச்சு, போல் பாட் 1998லயே செத்துட்டான். 30 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி தண்டிச்சது மூணே பேர. ஆட்சி போனப்புறமும் ஐநா சீட்டு கெமர் ரூஜ் கையிலயே வருஷக்கணக்கா இருந்துச்சு, பனிப்போர் கணக்கு அப்படி.

கடைசியா, தப்பிச்சவங்க சொன்னத படிக்கும்போது மூணு விஷயம் ஓரத்துல குறிச்சுக்கங்க: எந்த மண்டலம் (கெமர் ரூஜ் நாட்ட அப்படித்தான் பிரிச்சு வச்சிருந்தாங்க), எந்த வருஷம், அவங்க கிராமத்துலயே இருந்த "பழைய மக்களா", நகரத்துல இருந்து வந்த "புது மக்களா". ஒருத்தர் கஞ்சியாவது கிடைச்சுதுன்னுவாரு, இன்னொருத்தர் அதுவும் இல்லன்னுவாரு, ரெண்டும் உண்மையா இருக்கலாம். கிழக்கு மண்டலம் கொஞ்சம் பரவாயில்லன்னு இருந்த இடம், 1978ல "உடம்பு கெமர், மூளை வியட்நாம்"னு முத்திரை குத்தி அங்கயே பெரிய கொலை நடந்துச்சு, அங்கிருந்து கிளப்பி அனுப்புனவங்களுக்கு நீலக் கட்டம் போட்ட துண்டு குடுத்து அடையாளம் வச்சாங்க. ஒரு சாட்சியத்துல அந்த நீலத் துண்டு வந்தா உடனே தேதியப் பாருங்க, அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்த திரும்பப் படிச்சுட்டு அப்புறம் மேல போங்க.